ஓடாத டயருக்கும் வயசாகும்!

‘நோமேட்லேண்ட்’ படம் பார்த்திருக்கீங்களா? 2021-ம் வருஷம் சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகைன்னு மூணு ஆஸ்கரை அள்ளிட்டுப் போன படம். கணவர், வேலை, ஊர் எல்லாத்தையும் இழந்துட்ட ஃபெர்ன், ஒரு வேனையே வீடாக்கிக்கிட்டு அமெரிக்காவைச் சுத்தி வருவார். ஆளரவமில்லாத பாலைவனத்துல வேன் டயர் பஞ்சர். ஸ்டெப்னி கிடையாது. கொஞ்ச தூரத்துல வேன் போட்டிருக்கிற ஸ்வாங்கிங்கிற பெரியம்மாகிட்ட போய் உதவி கேட்பார். உதவி கிடைக்கும். ஆனா அதுக்கு முன்னாடி செம டோஸ் கிடைக்கும்! இப்படி ஒரு இடத்துக்கு ஸ்டெப்னி இல்லாம வர்றது உசிரோட விளையாடுற மாதிரிங்கிறதுதான் திட்டோட சாரம். அந்த ஸ்வாங்கி நடிகை இல்லை. நிஜத்துலயும் வேனில் வாழ்ந்தவர்தான், படத்துல தானாகவே வந்துட்டுப் போனார். அதனாலதான் அந்தத் திட்டுல அவ்வளவு உண்மை!

அந்தப் பாலைவனத்துல இருக்கிற ஊருக்குப் பேர் குவார்ட்ஸைட். அரிசோனா மாநிலத்துல இருக்கு. குளிர்காலம் வந்தா வடக்கே பனியில உறைஞ்சு கிடக்கிறவங்க எல்லாம் வீட்டைக் கட்டி இழுத்துக்கிட்டு இங்கே வந்து சேர்ந்துடுவாங்க. வீட்டை இழுத்துக்கிட்டாங்கிறீங்களா? ஆமாங்க, நிஜமாவே இழுத்துக்கிட்டுத்தான். ‘டிராவல் டிரெய்லர்’னு பேர். (சினிமா டிரெய்லர் இல்லை பாஸ்!) கட்டில், சமையல் மேடை, ஃபிரிட்ஜ், பாத்ரூம்னு எல்லாம் உள்ளே இருக்கிற ஒரு பெட்டி. இன்ஜின் மட்டும் இருக்காது. முன்னாடி போற பிக்-அப் வண்டி கொக்கி போட்டு இழுத்துக்கிட்டுப் போகும். வாலி பயாம்ங்கிறவர் 1930-கள்ல ஆரம்பிச்ச ‘ஏர்ஸ்ட்ரீம்’ கம்பெனியோட வெள்ளி நிற, முட்டை வடிவ டிரெய்லரை ஏதாவது ஒரு ஹாலிவுட் படத்துல நிச்சயம் பார்த்திருப்பீங்க. இண்டியானா மாநிலத்துல எல்கார்ட்ங்கிற ஊரே இந்த மாதிரி வண்டிகளைத் தயாரிச்சுத்தான் பிழைக்குது.

சிலருக்கு இது லீவுக்கு ஜாலியா போற வண்டி. ஃபெர்ன் மாதிரி சிலருக்கு இருக்கிற ஒரே வீடு. மூணு, நாலு டன் எடையுள்ள அந்த வீடு மொத்தமும் நிக்கிறது நாலே நாலு டயர்ல. அந்த டயர்கள் எப்படிச் சாகுதுங்கிறதுதான் இந்த வார மேட்டர்.

‘இதுல என்ன மேட்டர்? ஓடி ஓடித் தேயும், பட்டன் போயிடும், மொட்டையானா மாத்திடுவாங்க’ன்னுதானே சொல்லப் போறீங்க? உங்க பைக்குக்கு அது சரி. டிரெய்லருக்கு அது பெரும்பாலும் தப்பு! டிரெய்லர் டயர்ல நிறைய, பட்டன் அப்படியே புத்தம்புதுசா இருக்கும்போதே வெடிச்சு சாகுது.

மெழுகு ரகசியம்

காரணம் கெமிஸ்ட்ரி. பயப்படாதீங்க, ஃபார்முலா எல்லாம் கிடையாது. ரப்பருக்கு முக்கியமான எதிரிங்க மூணு பேர்: வெயில், சூடு, காத்துல கலந்திருக்கிற ஓசோன். ஓசோன், ரப்பரோட நீளமான மூலக்கூறு சங்கிலியைப் பார்த்துப் பார்த்து வெட்டும். அதைத் தடுக்கிறதுக்காக டயர் செய்யும்போதே ஒரு வகை மெழுகையும் வேறு சில ரசாயனங்களையும் ரப்பரோட கலந்துடறாங்க. டயர் ஓடும்போது அதோட பக்கச் சுவர் வளைஞ்சு நிமிர்ந்து, வளைஞ்சு நிமிர்ந்து வேலை செய்யுது இல்லையா? அந்த அசைவுல உள்ளே இருக்கிற மெழுகு கொஞ்சம் கொஞ்சமா மேலே கசிஞ்சு, மேல்தோல்ல மெல்லிசா ஒரு படலமா நிக்கும். நமக்கு வியர்க்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். ஓடுற டயர் தனக்குத் தானே சன்ஸ்க்ரீன் பூசிக்குது!

இப்போ டிரெய்லருக்கு வருவோம். கோடை லீவுல ரெண்டு, மூணு பயணம். மத்த மாசமெல்லாம் வீட்டுக்குப் பின்னாடியோ வாடகை ஷெட்லயோ அசையாம நிக்கும். அசைவு இல்லைன்னா மெழுகும் மேலே வராது. போதாக்குறைக்கு மூணு டன் எடை ஒரே இடத்துல மாசக்கணக்கா அழுத்திக்கிட்டே இருக்கும். மேலே அரிசோனா வெயில். கொஞ்ச வருஷத்துல பக்கச் சுவர்ல தலைமுடி மாதிரி மெல்லிசா வெடிப்பு விழ ஆரம்பிக்கும். வெளியே தெரியுற வெடிப்பாவது பரவாயில்லை, கண்ணுக்குத் தெரியும். உள்ளே கம்பி அடுக்கும் ரப்பரும் ஒட்டியிருக்கிற இடத்துல பிடி தளர்ந்துபோறதை யாராலும் பார்க்க முடியாது. அப்புறம் ஒரு நாள் நெடுஞ்சாலையில, நல்ல வெயில்ல, முழு வேகத்துல, டமார்!

அதனால டிரெய்லர் வெச்சிருக்கிறவங்க முதல்ல பார்க்கிறது பட்டனை இல்லை, தேதியை. டயரோட பக்கச் சுவர்ல ‘டி.ஓ.டி.’ன்னு ஆரம்பிச்சு நீளமா ஒரு எழுத்து வரிசை இருக்கும். அதோட கடைசி நாலு எண்கள்தான் டயரோட ஜாதகம். 2319-னு இருந்தா, 2019-ம் வருஷத்தோட 23-வது வாரத்துல பிறந்த டயர். அவ்வளவுதான். இந்த முழு வரிசையும் டயரோட ஒரு பக்கத்துல இருந்தாலே சட்டத்துக்குப் போதும். மாட்டுறப்போ அந்தப் பக்கம் உள்ளே போயிட்டா, தேதி தெரியணும்னா டிரெய்லருக்கு அடியில தவழ்ந்து போகணும். தொப்பையோட தவழ முடியாத தாத்தாக்கள் செல்போன் கேமராவை மட்டும் உள்ளே நீட்டி போட்டோ எடுத்துப் பார்த்துக்குவாங்க.

எத்தனை வருஷம் தாங்கும்? கார் டயருக்கு ஆறு வருஷத்துல மாத்துன்னு சில கார் கம்பெனிகள் சொல்லுது. அதிகபட்சம் பத்துன்னு சில டயர் கம்பெனிகள் சொல்லுது. டிரெய்லர்காரங்க மத்தியில அஞ்சு, ஆறு வருஷம்தான் புழக்கத்துல இருக்கிற கணக்கு. இதுல ஒரு கொடுமை இருக்கு. நல்லா பளபளன்னு, பட்டன் முழுசா இருக்கிற நாலு டயரைக் கழட்டிப் போட்டுட்டுக் காசு கொடுத்துப் புதுசு வாங்க யாருக்குத்தான் மனசு வரும்? அதுவும் பென்ஷன் பணத்துல மாசத்தை ஓட்டுற ஒரு பாட்டிக்கு? ‘இந்த ஒரு சீசன் ஓட்டிடலாம்’னுதான் தோணும். அந்த ஒரு சீசன்லதான் எல்லாமே நடக்குது.

டிரைவருக்கே தெரியாது!

கார்ல ஒரு டயர்ல காத்து இறங்கினா ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்கும், டிரைவருக்குத் தெரிஞ்சுடும். பின்னாடி வர்ற டிரெய்லர்ல இறங்கினா? ஒண்ணும் தெரியாது. பக்கத்துல இன்னொரு டயர் எடையைத் தாங்கிக்கிட்டே ஓடும். காத்து குறைஞ்ச டயர் அளவுக்கு மீறி வளையும், வளைய வளைய சூடாகும், சூட்டுல ரப்பர் பிரிஞ்சு வரும். பின்னாடி வர்ற லாரிக்காரர் ஹாரன் அடிச்சுக் கை காட்டின பிறகு ஓரங்கட்டிப் பார்த்தா, ரிம்மோட வண்டி வந்துக்கிட்டிருக்கும். பிய்ஞ்ச ரப்பர் சாட்டை மாதிரி சுத்திச் சுத்தி அடிச்சதுல டிரெய்லரோட அடித்தளம் கிழிஞ்சிருக்கும், ஒயர் அறுந்திருக்கும். சமையல் கேஸ் பைப் அந்தப் பக்கமா போயிருந்தா நிலைமையை நீங்களே யோசிச்சுக்குங்க.

இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய கதையும் இருக்கு. 2000-ம் வருஷம் ஆகஸ்ட்ல ஃபயர்ஸ்டோன் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் மாதிரி வண்டிகள்ல ஓடும்போதே டயரோட மேல்பட்டை உரிஞ்சு, வண்டி உருண்டு, 271 பேர் செத்துப்போனதா அமெரிக்க அரசோட சாலைப் பாதுகாப்பு நிறுவனம் கணக்குச் சொன்னது. தப்பு டயர்லயா, வண்டியிலயா, 26 பி.எஸ்.ஐ. காத்து போதும்னு சிபாரிசு செஞ்சதுலயான்னு ரெண்டு கம்பெனியும் மாத்தி மாத்தி விரல் நீட்டின சண்டை வருஷக்கணக்குல ஓடுச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஒரு சட்டம் வந்தது. அதோட பலன்தான், காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியற ஏற்பாடு. 2008 மாடல்ல இருந்து அமெரிக்காவுல புது கார் எல்லாத்துலயும் கட்டாயமாச்சு.

ஆனா, டிரெய்லருக்கு அந்தக் கட்டாயம் வரலை! யாருக்கு அது ரொம்பத் தேவையோ அவங்களை விட்டுட்டாங்க. விஷயம் தெரிஞ்சவங்க வால்வு மூடிக்குப் பதிலா மாட்டுற சின்ன சென்சாரைத் தனியா வாங்கிப் போட்டுக்கிறாங்க. டயருக்குச் செலவழிக்கிறதுக்கு அடுத்தபடியா உருப்படியான செலவு இதுதான்னு நான் சொல்வேன்.

காத்து அளவுன்னதும் நம்ம பைக் கணக்கை மனசுல வெச்சுக்காதீங்க. டிரெய்லருக்குன்னே செய்யப்படுற டயர்ல அளவுக்கு முன்னாடி ‘எஸ்.டி.’ன்னு ரெண்டு எழுத்து இருக்கும். ‘ஸ்பெஷல் டிரெய்லர்’. பக்கச் சுவர் விறைப்பா, கெட்டியா இருக்கும். எடை தாங்குற வகையைப் பொறுத்து அதிகபட்சம் 50, 65, 80 பி.எஸ்.ஐ. வரைக்கும் காத்து பிடிக்கும். அதுவும் டயர் ஆறின நிலையில பிடிக்கணும். வண்டி நின்னு மூணு மணி நேரமாவது ஆகியிருக்கணும். ஓடிட்டு வந்து நின்ன உடனே அளந்தா அளவு கூடத்தான் காட்டும். ‘ஐயோ, ஏறிடுச்சே’ன்னு காத்தைப் பிடுங்கிவிட்டா, ராத்திரி குளிர்ல டயர் சொங்கிப் போயிடும். காலையில கிளம்பறதுக்கு முன்னாடி அளக்கிறதுதான் புத்திசாலித்தனம். அதுலயும் வெயில் படுற பக்கத்து டயர் கொஞ்சம் கூடுதலாவே காட்டும், அதைக் கண்டுக்க வேண்டியதில்லை.

வேகமும் முக்கியம். வேற அளவு குறிப்பிடாத எஸ்.டி. டயருக்கு ரொம்ப காலமா இருக்கிற உச்சவரம்பு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர். டெக்சாஸ்ல ஒரு நெடுஞ்சாலையில 85 மைல் வரைக்கும் போகலாம்னு போர்டே வெச்சிருக்காங்க. சட்டம் அனுமதிக்குது, டயர் அனுமதிக்கலை. யார் பேச்சைக் கேட்கணும்?

அப்புறம் எடை. 40 கேலன் தண்ணித் தொட்டியை ரொப்பினா மட்டுமே 150 கிலோ. சமையலறை ஒரு பக்கம், கட்டில் இன்னொரு பக்கம்னு இருக்கிறதால ஒரு சக்கரத்துக்கு விழற எடை இன்னொண்ணுக்கு விழாது. அதனால லாரிகள் நிக்கிற இடத்துல இருக்கிற எடைமேடையில ஏத்திப் பார்த்துடறாங்க.

இடம் மாத்தறது எதுக்கு?

நாலு டயரும் ஒரே மாதிரி தேயறதில்லை. ரெண்டு ஆக்சில் உள்ள டிரெய்லரை ஒரு சின்ன முகாம் இடத்துல ரிவர்ஸ் எடுத்துத் திருப்பும்போது பக்கத்துல நின்னு பாருங்க, பாவமா இருக்கும். சக்கரம் எதுவும் திரும்பாது. முன் ஆக்சில் டயர்கள் ஒரு பக்கமா இழுபடும், பின் ஆக்சில் டயர்கள் எதிர்ப்பக்கமா இழுபடும். ரப்பர் தரையில அப்படியே பிதுங்கி, முறுக்கிக்கிட்டு நிக்கும். ஒரு யு-டர்ன், நூறு மைல் நேர்ப்பாதையைவிடக் கொடுமை.

அதனால டயர்களை இடம் மாத்தறாங்க. ஒரே பக்கத்துல முன்னது பின்னுக்கு, பின்னது முன்னுக்குன்னு மாத்தலாம். குறுக்கே இடது முன்னதை வலது பின்னுக்குன்னும் மாத்தலாம். சுத்த வேண்டிய திசைக்கு அம்புக்குறி போட்ட டயரா இருந்தா குறுக்கே மாத்தக் கூடாது. காருக்கு 5,000 முதல் 8,000 மைலுக்கு ஒரு தடவைங்கிறது வழக்கமான கணக்கு. வருஷத்துக்கு அவ்வளவு தூரம் ஓடாத டிரெய்லருக்கு இது தேவையான்னு அங்கே பெரிய பட்டிமன்றமே நடக்கும். ‘தேயறதுக்கு முன்னாடியே வயசாகிச் சாகப் போற டயரை எதுக்கு மாத்தி மாட்டணும்?’னு ஒரு கட்சி. லாஜிக் சரிதான். ஆனா என் ஓட்டு எதிர்க்கட்சிக்கு. ஏன்னா, இடம் மாத்தறதோட நிஜ லாபம் தேய்மானம் சமமாகிறது இல்லை. நாலு டயரும் கழண்டு கைக்கு வருதே, அதுதான் லாபம்!

கையில வந்ததும் டயர் பேச ஆரம்பிச்சுடும். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா, காத்து கம்மியா ஓடியிருக்கு. நடு மட்டும் தேஞ்சிருந்தா காத்து அதிகம். ஒரே ஓரம் தேஞ்சிருந்தா ஆக்சில் வளைஞ்சிருக்கலாம். அங்கங்கே குழிகுழியா இருந்தா பேலன்ஸ் சரியில்லை. உள்பக்கச் சுவர்ல வெடிப்பு, வீக்கம் இருக்கான்னு அப்போதான் பார்க்க முடியும். தவழ்ந்து போகாம தேதியையும் படிச்சுடலாம். சக்கரம் கழண்டிருக்கிறப்பவே பேரிங்குக்கும் கிரீஸ் வெச்சுடலாம். வருஷத்துக்கு ஒரு தடவையோ 12,000 மைலுக்கு ஒரு தடவையோ அதுவும் செஞ்சே ஆகணும்.

செய்யற விதத்துல சிலது முக்கியம். டிரெய்லரை வண்டியோட கொக்கியில மாட்டியே வெச்சிருக்கணும். தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டை கொடுக்கணும். நட்டை, டயர் தரையில இருக்கிறப்பவே லேசா தளர்த்திடணும். ஜாக்கியை ஆக்சில் குழாய்க்கு அடியில வைக்கவே கூடாது, வளைஞ்சுடும். சேஸிஸ்ல, கம்பெனி சொன்ன இடத்துலதான் வைக்கணும். திரும்ப மாட்டும்போது நட்டை வரிசையா முறுக்காம, எதிரெதிரா நட்சத்திரம் வரையற மாதிரி முறுக்கணும். கடைசியா, இவ்வளவு பலம்தான்னு அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச். அதோட முடிஞ்சுதா? இல்லை. 10, 25, 50 மைல் ஓடினதும் நிறுத்தி நிறுத்தித் திரும்பவும் முறுக்கிப் பார்க்கணும். சக்கரம் கழண்டு தனியா ஓடிவர்ற காமெடி நிஜத்துல காமெடி இல்லை. எதிர்ல வர்ற காரோட கண்ணாடிக்குத் தெரியுமா அது யார் வீட்டுச் சக்கரம்னு?

எல்லாரும் மறக்கிறது ஸ்டெப்னியை. டிரெய்லரோட முதுகுல தொங்கிக்கிட்டு ஒரு மைல்கூட ஓடாம வெயில் காயும். நாலு டயருக்கும் என்ன வயசோ அதேதான் அதுக்கும். மெழுகு கசியவே வழியில்லாத டயர்னா அதுதான். அதே அளவு, அதே வகையா இருந்தா இடம் மாத்துற சுத்துல அதையும் சேர்த்துக்கிறது நல்லது. இன்னொண்ணு, ஒரு பக்கத்துல ஒரு டயர் வெடிச்சா, பக்கத்து டயர் அதோட எடையையும் சேர்த்துச் சுமந்திருக்கும். அதையும் சந்தேகத்தோடதான் பார்க்கணும்.

நிறுத்தி வைக்கும்போது மண் தரையில விடாம பலகை மேல ஏத்தி, காத்தை முழு அளவுக்கு வெச்சு, சக்கரத்துக்கு வெள்ளைத் துணி உறை மாட்டிடறாங்க. குல்லா போட்ட குழந்தைங்க மாதிரி வரிசையா நிக்கும். மாசம் ஒரு தடவை கொஞ்சம் நகர்த்தி வெச்சா இன்னும் நல்லது.

சரி, டிரெய்லர் இல்லாத நமக்கு இதுல என்ன இருக்கு? நம்ம பைக்குக்கு இடம் மாத்தற வேலை கிடையாது. முன் டயரும் பின் டயரும் பெரும்பாலும் வேற வேற அளவு. (அப்பா காலத்து ஸ்கூட்டர்ல மூணும் ஒரே அளவா இருக்கும், ஸ்டெப்னியையும் சுத்துல விடலாம். அது ஒரு பொற்காலம்!) ஆனா ரப்பர் எல்லா ஊர்லயும் ரப்பர்தான். செமஸ்டர் லீவு முழுக்க ஹாஸ்டல் ஸ்டாண்டுல வெயில்ல நிக்கிற பைக்கும், அண்ணன் வெளிநாடு போனதும் திண்ணையோரம் சாத்தின பைக்கும் குட்டி டிரெய்லர்தான். ‘புது டயர்’னு கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறது குடோன்ல எத்தனை வருஷம் தூங்கினதுன்னும் அந்த நாலு எண்ணே சொல்லிடும். காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி குனிஞ்சு படிங்க.

செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறவங்க இன்னும் நல்லா குனியுங்க. 2000-க்கு முன்னாடி தயாரான டயர்கள்ல நாலு எண் கிடையாது, மூணுதான் இருக்கும். யாராவது ‘கண்டிஷன் சூப்பர்’னு காட்டுற பழைய வண்டியில கடைசியா மூணே எண் தெரிஞ்சா, பட்டன் எவ்வளவு ஆழம்னு விரலை விட்டுப் பார்க்கிற வேலையே வேண்டாம். அந்த டயர் உங்களைவிட வயசுல மூத்தது!